ஈரத்துக்குச் செவிசாய்க்கும் தோல்

பழைய தோற்கருவி ஒன்றைச் செப்பனிட்டு முடித்த மாலைகளில் மனத்துக்குத் திருப்தி உண்டாகத்தான் செய்கிறது. மரம் மெருகேறியிருக்கிறது, திருகுகள் எண்ணெய் குடித்துச் சுலபமாகச் சுழல்கின்றன, கோலால் தட்டினால் கருவி பதில் சொல்கிறது. இருந்தும் அந்தத் திருப்திக்கு அடியில், கையிலிருந்த பிசுக்கைக் கழுவிவிட்டு வந்து கணப்பருகே உட்கார்ந்த பிறகும் விலகாத சஞ்சலம் ஒன்று கிடந்து உறுத்துகிறது. நான் மீட்டது எதை என்று அது கேட்கிறது. மரத்தையா, உலோகத்தையா, அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய தோலையா, அல்லது இவை யாவும் சேர்ந்து ஒரு காலத்தில் எழுப்பிய சப்தத்தையா? வீணையையோ வயலினையோ பழுது பார்ப்பவனுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழாது என்று நினைக்கிறேன். அவற்றில் நாதத்தைப் பெருக்கித் தரும் உடல் பழையதாகவே நிற்கிறது. தேய்ந்து மாறுவது தந்தி. தோற்கருவியிலோ நாதம் பிறக்கும் இடமே அநித்தியமானது. அடிபடுவதற்கென்றே விரிக்கப்பட்ட தோல் ஒருநாள் கிழியும் என்பது அதைக் கட்டியவனுக்கும் தெரியும், அடிப்பவனுக்கும் தெரியும். ஆகவே அறுபது ஆண்டுப் பழமையுள்ள டிரம்ஸ் என்று நாம் மதிப்போடு சொல்லும்போது, அதன் கூட்டைத்தான் சொல்கிறோமே தவிர அதன் குரலைச் சொல்லவில்லை.

ஊட்டி பெர்ன்ஹில்லில் பழைய பங்களா ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களோடு விலைக்கு வந்து, இப்போது என் வீட்டு வராந்தாவின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் டிரம்ஸ் செட் இங்கிலாந்தின் பிரீமியர் கம்பெனியில் செய்யப்பட்டது. 1922-இல் லண்டனில் தொடங்கப்பெற்று, 1940-இல் குண்டுவீச்சில் ஆலையை இழந்து, லெஸ்டர் பக்கம் குடிபெயர்ந்த கம்பெனி அது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963-இல் அமெரிக்க லுட்விக் கம்பெனியின் செட்டுக்கு மாறுவதற்கு முன் வாசித்ததும் பிரீமியர்தான். என்னிடம் வந்திருப்பது லெஸ்டர் காலத்துச் செட். மேலே ஒட்டிய முத்துச்சிப்பி நிறச் செல்லுலாய்ட் உறை, ஜன்னல் வெயில் விழுந்த பக்கத்தில் பழுப்பேறியும், சிறிய டாம் டிரம் மறைத்துக்கொண்டிருந்த பக்கத்தில் வெள்ளையாகவும் இருக்கிறது. எத்தனை காலம் அது ஒரே அறையில் ஒரே திசையைப் பார்த்து நின்றிருக்கும் என்பதை அந்த இரண்டு நிறங்களின் எல்லைக்கோடு சொல்லிவிடுகிறது. பிரீமியர் டாம்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. 1960களின் பிற்பகுதி வரை அவற்றின் விட்டம் அமெரிக்க அளவைவிடக் கொஞ்சம் அதிகம்; தச்சன் பாஷையில் ஒரு நூல் என்று சொல்லத்தக்க அற்ப வித்தியாசம். அந்த அற்பத்தினால், இன்று சென்னையிலோ பெங்களூரிலோ வாங்குகிற, தோலின் இடத்தில் மாட்டும் பன்னிரண்டு அங்குல பிளாஸ்டிக் ஹெட் அதன் விளிம்பின்மேல் உட்கார மறுக்கிறது. மரத்தைச் சீவிக் குறைத்துப் புது அளவுக்குக் கொண்டுவந்துவிடுவோர் உண்டு. அந்தக் காரியத்துக்கு என் கை எழவில்லை. ஆகத் தோலே கதி என்று ஆயிற்று. தத்துவம் யோசித்துத் தோலுக்குப் போகவில்லை, அளவு பொருந்தாமல் போனேன். போன பிறகுதான் யோசனைகள் வந்தன.

கடல்மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில், ஆடி மாதத்து மூடுபனி கதவிடுக்கு வழியாக அறைக்குள் நுழைந்து புத்தகங்களின் அட்டையை வளைத்துவிடும் இந்த ஊரில், தோல் என்பது வானிலையோடு ஓயாமல் உரையாடிக்கொண்டிருக்கும் வஸ்து. காலையில் வெயிலில் வைத்துச் சுருதி கூட்டிய டாம், பிற்பகல் இரண்டு மணிக்கு லவ்டேல் பக்கத்திலிருந்து பனி இறங்கி வரும்போது தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தொடங்கி, விளக்கேற்றும் நேரத்துக்குள் ஈரத்துணியைத் தட்டியதுபோல் ஆகிவிடுகிறது. காற்றிலுள்ள நீரைத் தோலின் நார்கள் குடித்து நெகிழ்கின்றன. நெகிழ்ந்ததும் இழுவிசை குறைகிறது. இழுவிசை குறைந்ததும் சுருதி இறங்குகிறது. இதற்கு நேர்மாறாகத் தை மாதத்து உறைபனி நாட்களில், புல்லின்மேல் வெள்ளை படிந்து காற்று வறண்டு கிடக்கையில், முந்தைய நாள் இறுக்கி வைத்ததைத் தளர்த்த மறந்துவிட்டால் தோல் தானே சுருங்கிச் சுருங்கி, நடு இரவில் ஒருவரும் தொடாமலே வெடித்துக் கிழிவதும் உண்டு. இந்தக் கருவிகளைச் செய்தவர்கள் ஒவ்வொரு டிரம்மின் விளிம்பிலும் ஆறும் எட்டும் பத்துமாகத் திருகுகளைப் பொருத்தியது அழகுக்காக அன்று. அன்றன்றைய ஆகாயத்தோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் அவற்றில் இருக்கிறது.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதற்கு எனக்குக் கிடைத்தவர் குன்னூரில் இருக்கும் ஒரு முதியவர். இளமையில் கிளப்புகளிலும் எஸ்டேட் விருந்துகளிலும் டிரம்ஸ் வாசித்தவர். மாஸ்டர் என்றுதான் அவரை எல்லோரும் அழைப்பார்கள், நானும் அப்படித்தான். சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் மலையேறி வந்துவிடும் காலத்தில் வேரூன்றிய நடனக் கச்சேரிகள், சுதந்திரத்துக்குப் பிறகும் சில பத்தாண்டுகள், தேயிலைத் தோட்டத்துத் துரைகள் ஊருக்குக் கப்பலேறி முடியும் வரையிலும் அதற்குப் பின் அவர்கள் நாற்காலியில் அமர்ந்தவர்களிடமும், நீடித்தன. பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டுகளில் வாசித்துப் பழகிய ஆங்கிலோ இந்தியர்கள் சித்திரை, வைகாசியில் மலைக்கு வருவார்கள். ஆனியில் மழை பிடித்ததும் இறங்கிவிடுவார்கள். மழையிலும் இங்கேயே இருந்து வாசிக்க வேண்டியவர்கள் மாஸ்டரைப் போன்ற உள்ளூர்க்காரர்களே. என் வராந்தாவில் பேஸ் டிரம்மைச் சுற்றி வந்து, அதன் உட்புறத்தில் குனிந்து கைவிட்டுத் தடவி, இரண்டு சிறு துளைகளை விரலால் கண்டுபிடித்துவிட்டு அவர் சொன்னார்: “இதோ பாருங்க தம்பி, பல்பு மாட்டின எடம். மழை நாள்ல திருகைப் போட்டு முறுக்கிக்கிட்டே இருக்கக் கூடாது. பல்பைப் போட்டுட்டு வெளிய போய் ஒரு டீ குடிச்சிட்டு வரணும். திரும்பி வந்தா தோலு தானா ஏறியிருக்கும்.” “சூட்டுல காய்ஞ்சு கிழிஞ்சிராதா, மாஸ்டர்?” என்று கேட்டேன். “கிழியும். அதுக்குத்தான் காது இருக்கு” என்றார்.

பேஸ் டிரம்முக்குள் மின்விளக்கு வைக்கும் வழக்கம் 1920களிலும் 30களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாதாரணமாக இருந்ததுதான். முன்பக்கத் தோலில் நிலவொளியில் ஏரி, பனிமலை, பாய்மரப்படகு என்று சித்திரம் எழுதியிருப்பார்கள். உள்ளே விளக்கு எரியும்போது காட்சி ஒளிவிடும். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். வாசிப்பவனுக்கு அதுவே அடுப்பு. கண்ணுக்கு விருந்தாகவும் தோலுக்கு வெப்பமாகவும் ஒரே தீபம் இரண்டு தொழில் செய்த அந்த ஏற்பாட்டை நினைக்கும்தோறும் எனக்குள் ஒரு வாத்சல்யம் உண்டாகிறது. அந்த விளக்கை மறுபடியும் பொருத்தலாமா என்ற கேள்வி வந்தபோது நான் தயங்கவே இல்லை. பழமையைக் காட்சிக்கு வைக்க விரும்புவோர் பொதுவாக இத்தகைய துளைகளைப் பிற்கால ஊனமாகக் கருதி மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆலையிலிருந்து வெளிவந்த முதல் நாளைய நிலையே உத்தமமானது என்பது அவர்களுடைய சித்தாந்தம். எனக்கு அந்தச் சித்தாந்தத்தில் சம்மதமில்லை. லெஸ்டரிலிருந்து புறப்பட்டபோது இந்த டிரம்முக்கு நீலகிரியைத் தெரியாது. அந்த இரண்டு துளைகளின் வழியாகத்தான் அது இந்த மலையைத் தெரிந்துகொண்டது.

தோலின் ஆதிக்கம் முடிந்த கதை எல்லோரும் அறிந்ததே. 1956, 57-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் சிக் எவான்ஸும் ரெமோ பெல்லியும் மைலார் என்ற பாலியெஸ்டர் படலத்தை டிரம்மின்மேல் இழுத்துக் கட்டினார்கள். பெல்லியின் ஹெட்டுக்கு வைத்த பெயரே வானிலைக்கு ராஜா என்று பொருள்படுவது. மழையோ வெயிலோ அதை அசைக்காது என்பதுதான் விளம்பரம். அதைப் பார்த்துப் பிரீமியரும் எவர்பிளே என்ற பெயரில் தன் பிளாஸ்டிக் ஹெட்டைக் கொண்டுவந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்த நம் நாட்டில் அவை வந்து சேர அதிக காலம் பிடித்தது. அந்த இடைக்காலத்தில் வாத்தியக்காரர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய பெரிய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டு, மேலிருந்த கரிய பூச்சைத் தேய்த்தெடுத்து, அதைச் சிறிய டாமுக்கு ஹெட்டாகக் கட்டியதாக மாஸ்டர் சொன்னார். பூச்சு முழுவதும் போகவில்லையாம். மேடை வெளிச்சம் ஒரு கோணத்தில் விழும்போது யாரோ ஒருவருடைய விலா எலும்புகள் மங்கலாகத் தெரியுமாம். கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஊட்டியில் இந்து நகர் பிலிம் ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கிப் பல்லாண்டுகள் திரைப்படச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. எக்ஸ்ரே பிலிமின் அடித்தளம் பாலியெஸ்டர், டிரம் ஹெட்டுக்கும் அதே வஸ்துதான். அந்த அடித்தளத்தின்மேல் பூசும் ஜெலட்டினோ கால்நடையின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் காய்ச்சி எடுத்தது. மாஸ்டர் வெந்நீரில் தேய்த்துக் களைந்தது, ஒருவகையில், பிளாஸ்டிக்கின்மேல் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த மிருகத்தின் அம்சத்தை.

பிளாஸ்டிக்கை நான் பழிக்கவில்லை. கன்றின் சாவில்லாமல் இசை பிறக்கும் என்பது அற்பமான லாபம் அன்று. இரவெல்லாம் வாசித்துப் பிழைக்க வேண்டிய ஒருவனுக்கு, நடுப்பாட்டில் கருவி கைவிடாது என்ற நிச்சயமும் பெரிய வரப்பிரசாதம். என்னுடைய ஐயம் வேறொன்றைப் பற்றியது. தோல் இருந்த காலத்தில் வாசிப்பவனுடைய பயிற்சியில் பாதி, வாசிப்பதற்கு முன்னரே நடந்தது. அறைக்குள் எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள், அவர்களுடைய மூச்சாலும் ஈரக் கம்பளிகளாலும் காற்று எப்படி மாறியிருக்கிறது, கணப்பு எந்தப் பக்கம் எரிகிறது, வெளியில் மழை விட்டதா என்பதையெல்லாம் அவன் தோலின் வழியே அறிந்துகொண்டு, அதற்கேற்பத் தன் கையின் கனத்தை மாற்றினான். ஊரும் பருவமும் கூட்டமும் அந்தச் சப்தத்துக்குள் கலந்திருந்தன. பிளாஸ்டிக் வந்த பிறகு டிரம் ஊட்டியிலும் ஒன்றுதான், தூத்துக்குடியிலும் ஒன்றுதான். ஆகையால் நான் மீட்க வேண்டியது பழைய சப்தம் என்றால், அது எந்த நாளின் சப்தம்? 1960-ஆம் வருஷத்து வைகாசியின் வறண்ட மாலையா, அதே வருஷத்து ஆடியின் தொய்ந்த இரவா? ஒரே டிரம்முக்கு ஆயிரம் குரல் இருந்தது. அவற்றில் எதையும் திரும்பக் கொண்டுவர என்னால் ஆகாது. ஆனால் ஆயிரம் குரலுக்கு இடம் கொடுக்கும் அந்த நெகிழ்வை, ஈரத்துக்குச் செவிசாய்க்கும் அந்தச் சுபாவத்தை, திரும்பக் கொடுக்க முடியும். என் கைக்கு எட்டுவது அவ்வளவே என்று இப்போதைக்கு எண்ணுகிறேன்.

நம்முடைய மரபில் ஜீர்ணோத்தாரணம் என்ற கருத்து உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கோயிலைச் செப்பனிட்டுக் கும்பாபிஷேகம் செய்யும்போது, மூர்த்தியையும் பீடத்தையும் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைச் சுரண்டியெடுத்துவிட்டு அரக்கும் மெழுகும் குங்கிலியமும் பிறவும் இடித்துச் சேர்த்த புதிய மருந்தைச் சாத்துகிறார்கள். பழைய மருந்தைப் பொன்போல் பாதுகாக்க வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை; அழியக்கூடியதை அழியவிட்டுப் புதுப்பிப்பதே அங்கே முறை. ஆனால் அதே திருப்பணியின் பெயரால் மணல்வீச்சு நடத்திக் கற்சுவர்களைப் பளபளக்கச் செய்ததில், பல கோயில்களில் கல்வெட்டுகளின் எழுத்து மழுங்கியதையும் நம் காலத்தில் கண்டோம். எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்ற விவேகம் தவறினால் பக்தியே நாசவேலை செய்யும். சிம்பல் விஷயத்தில் இதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன். நல்ல சிம்பலின் உலோகம் 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், நம் கோயில் மணிக்கும் கைத்தாளத்துக்கும் தாயாதி. பல பத்தாண்டுகளில் அதன்மேல் ஏறும் களிம்பை எந்திரச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுகிறார்கள். தேய்க்கும்போது களிம்பு மட்டும் போவதில்லை; கடைசல் பிடித்த மெல்லிய வரிகளும் செய்தவனுடைய முத்திரையும் சேர்ந்து தேய்கின்றன. களிம்பு நாதத்தைக் கனிவாக்குகிறதா என்பதில் வாத்தியக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. என் காதுக்குக் கனிவாகத்தான் கேட்கிறது. வெந்நீரும் கொஞ்சம் சீயக்காயும் கொண்டு கைப்பிசுக்கை மட்டும் எடுத்தேன். பச்சைப் புள்ளிகளை விட்டுவிட்டேன். நிக்கல் முலாம் உரிந்த திருகுகளையும் அப்படியே விட்டேன். துருப்பிடித்துச் சுழலாமல் போனவற்றுக்கு மாத்திரம் கோயம்புத்தூரில் கடைசல் பட்டறையில் மரை பார்த்துப் புதிது செய்வித்தேன்.

புதுப்பித்தலை ஒரு தனிக் கலையாகவோ அபூர்வச் செயலாகவோ எண்ணாமல் நித்திய கர்மமாகச் செய்துவந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மிருதங்கத்துக்கு மூட்டுப் போடுவதும், வலந்தலையில் கரணை வைப்பதும், வாரை இழுத்துக் கட்டுவதும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டே இருக்கிற காரியங்கள். பலாமரக் கட்டை தலைமுறை கடந்து நிற்கும். தோல் சில மாதக் கச்சேரியில் முடிந்துவிடும். பழைய மிருதங்கம் புதுத்தோலோடு மேடையேறுவதை யாரும் பழமைக்கு ஊறு என்று நினைத்ததில்லை. ஆனால் அந்தத் தோலைத் தேர்ந்து, சுத்தம் செய்து, வெட்டி, நாதம் வரும்படி அமைத்துக் கொடுத்தவர்களுடைய பெயர்கள் கச்சேரி விமரிசனங்களில் வந்ததில்லை. பாலக்காடு மணி ஐயரின் வாத்தியங்களை உருவாக்கிய பர்லாந்து என்ற பெயரைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே, டி.எம். கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்வோரைப் பற்றி எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ வந்த பிறகுதான். தோலைத் தொடுவது இழிவு என்றும், தொட்டதிலிருந்து எழும் நாதம் தெய்விகம் என்றும் ஒரே மூச்சில் சொல்லிவந்த சமூகம் இது. என் டிரம்முக்குத் தோல் வாங்கப் போனதும் பறை கட்டுகிற ஒருவரிடம்தான். மேல்நாட்டு டிரம்முக்கு நம்ம தோல் என்று அவர் வியப்படையவும் இல்லை, விலையைக் கூட்டவும் இல்லை. தோலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நரம்பு ஓடுகிற இடத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் அடி விழாம பாத்துக்கங்க, சார்” என்று மட்டும் சொன்னார்.

இந்த மலையின் ஆதி வாத்தியக்காரர்களான கோத்தர்களைச் சொல்லாமல் இந்த மலையில் டிரம்மைப் பற்றி எழுதுவது முறையாகாது. இரும்படிப்பது, மட்பாண்டம் வனைவது, மரவேலை செய்வது, கொள் என்ற குழலையும் கொப் என்ற வளைந்த கொம்பையும் முழவுகளையும் வாசிப்பது என்று அத்தனை தொழிலும் ஒரே சமூகத்தின் கையில் இருந்தது. செய்கிறவரும் செப்பனிடுகிறவரும் வாசிக்கிறவரும் அங்கே தனித்தனி ஆட்கள் அல்லர். ஏழு ஊர்களில் சில ஆயிரம் பேராக வாழும் அவர்கள், மார்கழி தை வாக்கில் கம்பட்டராயர் திருவிழாவுக்கு, தோல் தொய்யும்போது தீயருகே வாட்டிக் குரலேற்றி வாசிக்கிறார்கள். ஒரு காலத்தில் தோதவர், படகர் வீட்டுச் சாவுகளிலும் அவர்களுடைய வாத்தியமே ஒலித்தது. 1930களில் படகர்களில் ஒரு சாரார் அதை வேண்டாமென்று விட்டதையும் அதனால் ஊர்களில் எழுந்த பிணக்குகளையும் மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம் எழுதிவைத்திருக்கிறார். ஒரு சப்தம் ஊரைவிட்டுப் போவதற்குக் கருவி பழுதாக வேண்டியதில்லை. அழைக்கிறவர்கள் அழைப்பதை நிறுத்தினால் போதும். கிளப்புகளின் நடனக் கச்சேரிகளுக்கும் பின்னாளில் அதுதான் நேர்ந்தது.

பெர்ன்ஹில்ஸ் அரண்மனையைக் கடக்கும்போதெல்லாம் வேறொரு எண்ணம் வருகிறது. அது மைசூர் மன்னர்களின் கோடை வாசஸ்தலமாக இருந்தது. அந்த மன்னர்களில் கடைசியானவரான ஜயசாமராஜ உடையார், ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசையைத் தம் செலவில் இசைத்தட்டில் பதியச் செய்தவர். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் 1950-இல் லண்டனில் அரங்கேறியபோது அதற்குப் பொருளுதவிக்கு ஜவாப்தாரி ஏற்றவர். மேல்நாட்டு இசையின் சரித்திரத்தில் இந்தக் குன்றுக்கு இப்படி ஓர் ஓரம் உண்டு என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இதே குன்றைச் சுற்றியுள்ள நடனக் கூடங்களில் இரவு இரண்டு மணி வரை வால்ட்ஸும் ஃபாக்ஸ்டிராட்டும் வாசித்துவிட்டு, கருவிகளைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பனியில் நடந்துபோனவர்களை எந்த இசைத்தட்டும் பதிந்துகொள்ளவில்லை. அவர்களைப் போன்றவர்கள் தப்பிப் பிழைத்த இடம் சென்னையின் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள், எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகளில் நோயல் கிராண்ட் வாசித்த டிரம்ஸைத் தமிழ்நாடே கேட்டிருக்கிறது, பெயரைத் திரையில் பார்த்திருக்காது. பிறகு அந்த இடமும் சுருங்கியது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் வாசித்த தாளம் புதுமையாகக் காதில் விழுந்தபோது நாமெல்லாரும் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது தவறும் அன்று. எத்தனை கைகளுக்கு அதனால் வேலை குறைந்தது என்று அப்போது தோன்றவில்லை.

ஆகையால்தான் இந்தச் செட்டில் கை பட்ட தடங்களைத் தொடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஸ்நேர் டிரம்மின் உலோக ரிம்மில், வாசிப்பவனுடைய இடப்பக்கத்துக்குச் சற்றே மேலாக, கோல் குறுக்கே விழுந்து விழுந்து முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. பெடலின் பாதப்பலகையில் எழுத்து மறையும்படி தேய்ந்த இடம் குதிகாலின் இடம் அன்று, விரலடியின் இடம். குதியைத் தூக்கிவைத்து வாசித்தவன் என்று ஊகிக்கிறேன். 1909-இல் சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் வேகமாக இயங்கும் கால்பெடலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகுதான், மூன்று பேர் நின்று அடித்த டிரம்களை ஒருவனே உட்கார்ந்து அடிப்பது உலகமெங்கும் பரவியது. அந்த மூவர் வேலையையும் ஒரு பாதத்தாலும் இரு கைகளாலும் செய்தவனுடைய தேகத்தின் வரைபடம் இந்தத் தேய்மானங்களில் இருக்கிறது. முலாம் போட்டு அதை மறைப்பதற்கு நான் யார்? பெரிய டாமின் உறையில் சிகரெட் சுட்ட வடு ஒன்றும் இருக்கிறது. அதையும் வைத்துக்கொண்டேன்.

தோல் கட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மயிர் களைந்து சுண்ணாம்பு வாசனை போகாத தோலைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் அது விறைப்பு நீங்கி, கையில் எடுக்கும்போது தன் கனத்தினாலேயே தொங்கும். பெஞ்சின்மேல் உட்புறம் மேலாக விரித்து, நடுவில் மெல்லிய மரவளையத்தை வைத்து, வளையத்துக்கு வெளியே நீண்டிருக்கும் விளிம்பை மடித்து, ஸ்பூனின் காம்பினால் வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே சிறிது சிறிதாகச் செருக வேண்டும்; ஓரிடத்தில் செருகியதும் அதற்கு நேரெதிரே, பிறகு குறுக்கே, மீண்டும் எதிரே. ஒரே பக்கமாகச் செருகிக்கொண்டு போனால் தோல் ஒருபுறம் இழுபட்டு ஜன்மத்துக்கும் நேராகாது. பிறகு டிரம்மின்மேல் ஏற்றி, ரிம்மை வைத்து, திருகுகளை விரலால் மட்டும் பிடித்து, தோல் விளிம்பிலிருந்து அரை விரற்கடை கீழிறங்கும்படி விட்டு நிழலில் காயவைக்க வேண்டும். சமவெளியில் ஓரிரு நாளில் காயும். இங்கே காய்வதும் ஈரமாவதுமாக நாள்கள் போகின்றன. அவசரப்பட்டுக் கணப்பருகே வைத்தால் வளையம் முறுக்கிக்கொள்ளும். காயக் காய வெண்மை விலகித் தோலில் ஒரு மங்கிய மஞ்சள் தெளிவு வருகிறது. பறைகட்டுகிறவர் காட்டிய நரம்பு அப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. அந்த நரம்பை வாசிப்பவனுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிவைத்தேன். பேஸ் டிரம்முக்குள் சிறிய பல்பு ஒன்றைப் பழைய துளைகளிலேயே மாட்டினேன். மாஸ்டர் வந்து உட்கார்ந்து, ஒரு கை பார்த்துவிட்டு, திருகுகளில் இரண்டைத் தளர்த்தச் சொன்னார். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை.

ஊட்டியில் ஒரு தேவாலயத்தின் இசைக்குழுவில் வாசிக்கும் இளைஞன் ஒருவன் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இந்தச் செட்டைக் கேட்டிருக்கிறான். “அண்ணா, தோல் சவுண்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரி சர்ச்சுல இறங்கிடுச்சுன்னா என்ன செய்றது?” என்பது அவனுடைய கவலை, நியாயமான கவலை. கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். வாசித்து முடித்ததும் எல்லாத் திருகையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும், உறைபனி இரவில் பூட்டிய கட்டடத்துக்குள் இறுக்கத்தோடு விட்டுவரக் கூடாது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். மாஸ்டர் அன்று பகலிலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்கிறார். ஸ்நேருக்கு மட்டும், அதன் அளவுக்கு இன்றைய பதினான்கு அங்குல ஹெட் பொருந்திவிடுவதால், ஒரு பிளாஸ்டிக் ஹெட்டும் கூடவே அனுப்புகிறேன். டாம்களுக்கு அந்த வசதி இல்லை, அவன் தோலோடுதான் சமாளிக்க வேண்டும்.